குடும்பப் பூங்காவிலே மதுக்கடை எதற்கு?

(நற்பிட்டிமுனையில் நடைபெற்ற பொதுக்கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவு)

     

பிள்ளைகளோடு குடும்பமாகச் சென்று பொழுதுபோக்கும் களியாட்டப் பூங்காக்களில் மதுபானம் விற்க இடமளிக்கலாமா என்பதே இன்று எனக்குத் தரப்பட்டிருக்கும் பொருள். மொழியுரிமை, காணியுரிமை, பிரதேச செயலக எல்லை என்று பேசிப் பழகிய மேடையிலே ஊஞ்சலையும் இராட்டினத்தையும் பற்றி என்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். நான் அவ்வாறு எண்ணவில்லை. நமது ஊரில் எது நடக்கலாம், எது நடக்கலாகாது என்பதைத் தீர்மானிப்பவர் யார் என்ற வினா இதற்குள் அடங்கியிருக்கின்றது. நமது அரசியல் முழுவதும் அந்த ஒரு வினாவைச் சுற்றியே நடந்துவருகின்றது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

அறுகம்குடாவுக்கு அலைச்சறுக்கு விளையாட வெளிநாட்டார் வருகின்றனர். பாசிக்குடாக் கரையிலே பெரிய விடுதிகள் எழுந்துள்ளன. 2004 டிசம்பர் 26-ம் திகதி கடல்கோள் கொண்டுபோன பாண்டிருப்பு, மருதமுனை, கல்முனைக் கரைகளில் இன்று மாலை வேளைகளிலே மக்கள் காற்று வாங்குகின்றனர். நாளை ஒரு முதலாளி வந்து, இக்கரையில் பெரியதொரு களியாட்டப் பூங்கா அமைக்கிறேன் என்று சொன்னால் நாம் மகிழ்வோம். நமது பிள்ளைகளுக்கும் விளையாட இடம் வேண்டும். இளைஞருக்கு வேலை வேண்டும். ஆனால், பூங்காவின் ஒரு மூலையிலே மதுச்சாலையும் வைத்துக்கொள்கிறேன் என்று அவர் கேட்டால், அன்று நாம் என்ன விடை சொல்வது? கேள்வி வாசலுக்கு வந்த பின் விடை தேடுவோர் எப்பொழுதும் தோற்பர். ஆகவே இன்றே பேசுவோம்.

பூரண மதுவிலக்கை நான் கேட்கவில்லை

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்துகிறேன். நாடு முழுவதும் மதுவை ஒழித்துக்கட்டச் சட்டம் வேண்டுமென்று நான் இங்கே கேட்க வரவில்லை. தன் வீட்டினுள் ஒருவர் எதை அருந்துகிறார் என்று எட்டிப்பார்ப்பது என் வேலையன்று. மரமேறி வாழும் தொழிலாளியின் வயிற்றில் அடிப்பதும் என் நோக்கமன்று. வடக்கிலே 1972-ம் ஆண்டிலிருந்து அத்தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரண்டு, தம் உழைப்புக்கு ஒரு மதிப்பைத் தேடிக்கொண்டனர். மதுவிலக்கு என்ற பெயரில் அவர்களை இழித்துப் பேசிய பழைய மேடைகளை நான் பின்பற்ற மாட்டேன்.

பூரண மதுவிலக்கின் வரலாறும் எனக்குத் தெரியும். சென்னை மாகாணத்தில் 1937-ம் ஆண்டு இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-ல் அது மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. 1971-ல் தளர்த்தப்பட்டு, மீண்டும் விதிக்கப்பட்டு, மீண்டும் தளர்ந்தது. 1983-ல் அரசே மது வாணிபக் கழகம் ஒன்றை நிறுவிற்று. 2003-ம் ஆண்டிலிருந்து அக்கழகமே சில்லறைக் கடைகளையும் நடத்துகின்றது. டாஸ்மாக் என்ற அதன் பெயரை இங்குள்ள சிறுவரும் திரைப்படங்கள் வாயிலாக அறிவர். ஒரு காலத்தில் மதுவை விலக்கிய அரசு பிற்காலத்தில் அதற்கே கடைக்காரனாயிற்று. ஆகவே சட்டமொன்றினால் மட்டும் ஊர் திருந்திவிடும் என்ற மயக்கம் எனக்கில்லை.

இங்கே சிலர் குறுக்கிட்டு, "மதுவை மறுத்தால் கசிப்புப் பெருகும்" என்பர். அதே தமிழ்நாட்டிலே, அரசின் மதுக்கடைகள் திறந்திருந்த காலத்திலே, 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் அருந்தி 60-க்கு மேற்பட்டோர் மாண்டனர். கடை திறந்திருப்பது கசிப்பை ஒழித்துவிடும் என்ற வாதத்துக்கு அந்தப் புதைகுழிகள் விடையளித்துவிட்டன. அன்றியும், குழந்தைகளின் இராட்டினத்துக்குப் பக்கத்தில் மதுச்சாலை இல்லை என்பதற்காகக் கசிப்புக் காய்ச்சத் தொடங்கியவர் உலகில் எவருமுளரோ?

ஆகவே நான் பேசுவது இடத்தைப் பற்றி. எல்லாப் பொருளும் எல்லா இடத்திலும் விற்கத் தக்கன அல்ல. மருந்து விற்பது நற்பணியே. ஆயினும் பாடசாலை வகுப்பறையில் மருந்துக்கடை வைப்பதில்லை.

டிஸ்னியின் பூங்கா சொல்லும் பாடம்

"உலகப் புகழ்பெற்ற பூங்காக்களிலேயே மது விற்கின்றார்களே, நற்பிட்டிமுனைக்கு மட்டும் என்ன?" என்று படித்த நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். நல்ல கேள்வி. அந்தப் பூங்காக்களின் கதையையே எடுத்துக்கொள்வோம்.

குடும்பக் களியாட்டப் பூங்கா என்ற எண்ணத்துக்கு இன்றைய வடிவம் கொடுத்தவர் அமெரிக்கரான வால்ட் டிஸ்னி. 1955 ஜூலை மாதம் கலிபோர்னியாவிலே அவர் தமது பூங்காவைத் திறந்தபோது, அதனுள் மது விற்பதில்லை என்று முடிவு செய்தார். அவர் துறவியல்லர், வணிகர். தாயும் தந்தையும் குழந்தையும் சேர்ந்து வரும் இடத்திலே மதுவை வைத்தால், வரத்தகாத கூட்டம் வந்து, வரவேண்டிய கூட்டம் நின்றுவிடும் என்று கணக்கிட்டார். 1967-ல் அங்கத்தவருக்கு மட்டுமான தனிக்கழகமொன்றில் மது பரிமாறப்பட்டதாயினும், பொதுமக்கள் உலாவும் பகுதியில் 2019 வரை விற்கப்படவில்லை. புளோரிடாவில் 1971-ல் திறக்கப்பட்ட மாயலோகப் பூங்காவும் 2012 வரை மதுவின்றியே நடந்தது. 41 ஆண்டுகள் மது விற்காமல் நடத்திய பூங்கா நட்டத்தால் மூடப்படவில்லை. உலகமே வரிசையில் நின்று சீட்டு வாங்கிற்று. மது இல்லாவிடில் பூங்கா நடவாது என்று நம்மிடம் வந்து சொல்பவருக்கு இந்த ஒரு கணக்கே போதும்.

இனி, கதையின் மறுபாதியையும் மறைக்காமல் சொல்வேன். 1992 ஏப்ரில் மாதம் பாரிஸ் நகரின் அருகே அதே நிறுவனம் ஒரு பூங்காவைத் திறந்தது. அங்கும் மது இல்லை என்றது. பிரெஞ்சு மக்கள் சினந்தனர். மதிய உணவோடு திராட்சை மது அருந்துவது அவர்கள் வழக்கம். குழந்தைகளும் அமர்ந்திருக்கும் வீட்டு மேசையிலே அது இருப்பது அவர்களுக்கு இயல்பு. எங்கள் நாட்டுக்கு வந்து எங்கள் உணவு முறையை மாற்ற நீ யார் என்று கேட்டனர். அடுத்த ஆண்டே நிறுவனம் தன் விதியைத் தளர்த்திற்று.

என் நண்பர் இதைத் தமது கட்சிக்குச் சான்றாகக் காட்டினார். நானோ இதை என் கட்சிக்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறேன். பாரிசிலே வென்றது மது என்றா எண்ணுகிறீர்கள்? அங்கே வென்றது ஊர் வழக்கம். உலகை ஆளும் நிறுவனமொன்று அந்த மண்ணின் மக்கள் வழக்கத்துக்கு முன்னால் தலைவணங்கிற்று. அந்த நீதி பாரிசுக்குச் செல்லுமானால் கல்முனைக்கும் செல்ல வேண்டும். குடும்பத்தோடு அமரும் இடத்தில் மதுவை வைப்பது இம்மண்ணில் எவருடைய வழக்கம்? இஸ்லாமிய மக்களுக்கு அது மார்க்கம் விலக்கிய பொருள். தமிழரின் திருக்குறளோ கள்ளுண்ணாமைக்கெனத் தனி அதிகாரம் வகுத்த நூல். நம்மிடையே குடிப்பவர் இல்லையென்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் குடிப்பவர்கூடத் தம் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு தவறணைக்குள் நுழைவதில்லை. பிள்ளையை வெளியே நிறுத்திவிட்டே போகிறார். அந்த வெட்கம் நமது பண்பாட்டின் எஞ்சிய செல்வம். அதையும் விலைக்கு விற்றுவிடலாகாது.

நமது பூங்காக்கள் எவை?

பெருங்கூட்டம் கூடும் குடும்பக் களிப்பு நமக்குப் புதிதன்று. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் தீமிதிப்புக்கு ஊர்கள் திரண்டு வருகின்றன. கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலின் கொடியேற்ற விழாவுக்குத் தொலைவிலிருந்தெல்லாம் குடும்பங்கள் வந்து மணலிலே அமர்கின்றன. பலூனும் வளையலும் மிட்டாயும் விற்கும் கடைகள், குழந்தைகளின் கூச்சல், கிழவிகளின் கதை! இவைதாம் நமது பழைய பூங்காக்கள். அங்கே மதுச்சாலைக்கு எவரும் பந்தல் போட்டதில்லை. அதனால் களிப்புக் குறைந்ததென்று சொன்னவருமில்லை.

தமிழ்நாட்டிலே 2023 ஏப்ரில் மாதம் நடந்ததை நினைவூட்டுகிறேன். மாநாட்டு மண்டபங்களிலும் விளையாட்டரங்குகளிலும் திருமண மண்டபங்களிலும் மது பரிமாறச் சிறப்பு அனுமதி வழங்கலாம் என்ற விதித்திருத்தம் வெளியாயிற்று. திருமண மண்டபம் என்ற சொல்லைக் கண்டதும் மக்கள் கொதித்தெழுந்தனர். அன்றே அமைச்சர் முன்வந்து, திருமண மண்டபங்களுக்கு அனுமதியில்லை என்று அறிவிக்க நேர்ந்தது. பின்னர் விதியும் திருத்தப்பட்டது. தெருவெங்கும் மதுக்கடை இருப்பதைச் சகித்துக்கொண்ட அதே மக்கள், மண்டப வாசலிலே கோடு கிழித்தார்கள் பாருங்கள்! குடிப்பவன் உள்ள வீட்டிலும், "இந்த இடத்தில் வேண்டாம்" என்று ஒரு குரல் எழும். அந்தக் குரலுக்குச் சட்டத்திலே இடம் வேண்டும் என்பதே என் வாதம்.

தாயின் சுதந்திரம்

"மது அருந்துவது தனிமனித சுதந்திரமல்லவா?" என்பது அடுத்த வாதம். சட்டம் படித்தவன் என்ற முறையில் சுதந்திரம் என்ற சொல்லை நான் இலேசாகத் தள்ளமாட்டேன். ஆனால் ஒரு பூங்காவிலே எத்தனை பேருடைய சுதந்திரம் சந்திக்கின்றது என்று எண்ணிப் பாருங்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் தாபரிப்பு வழக்கொன்றிற்காக ஒரு பெண் என்னிடம் வந்தார். கணவன் வெள்ளாமை வெட்டும் காலத்தில் கைநிறையச் சம்பாதிப்பவன். சம்பாதித்ததைத் தவறணையில் இறைப்பவன். பணம் எவ்வளவு வேண்டுமென்று கோரலாம் என்று நான் கேட்டேன். அவர் சொன்ன விடை இன்றும் என் காதில் இருக்கின்றது. "ஐயா, காசு குறைஞ்சாலும் பரவாயில்ல. பிள்ளையளக் கூட்டிக்கொண்டு நான் போற இடத்தில அந்த மனுசன் வெறியில நிக்காம இருந்தாக் காணும்." தொகையைக் கணக்கிட எனக்குச் சட்டப் புத்தகம் உதவிற்று. அந்தப் பெண் கேட்ட இரண்டாவது பொருளைத் தர எந்தப் பிரிவும் உதவவில்லை.

இலங்கையில் 1979-ம் ஆண்டிலிருந்து ஒரு மதுவரி அறிவித்தல், பெண்கள் மது வாங்குவதையும் மதுச்சாலைகளில் வேலை செய்வதையும் தடுத்து வந்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் அதை நீக்கினார். சில நாட்களுக்குள் ஜனாதிபதி அந்த நீக்கத்தை மீளப்பெறுமாறு பணித்தார். பெண்ணைச் சிறுபிள்ளையாக நடத்தும் அத்தகைய சட்டத்துக்கு நான் ஆதரவாளன் அல்லன். பெண்ணைக் கடைக்கு வெளியே நிறுத்துவதனால் அவளுக்குப் பாதுகாப்புக் கிடைப்பதில்லை. அவள் அஞ்சாமல் செல்லத்தக்க சில இடங்களையாவது ஊரிலே வைத்திருப்பதுதான் பாதுகாப்பு. மது அருந்த விரும்புவோனுக்கு வேறு நூறு இடம் உண்டு. பிள்ளைகளோடு மாலைப்பொழுதைக் கழிக்க விரும்பும் தாய்க்கு இரண்டொரு இடமே உண்டு. அந்த இரண்டையும் அவனுக்கே கொடுத்துவிடுவது எந்த ஊர் நியாயம்?

2006-ம் ஆண்டின் 27-ம் இலக்கச் சட்டம், 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்பதைத் தடை செய்கின்றது. மதுவுக்கு விளம்பரம் செய்வதையும் தடுக்கின்றது. சிறுவர் பூங்காவுக்கு வருவோரில் பெரும்பாலோர் எவ்வயதினர்? சட்டம் எவருக்கு விற்கலாகாது என்று சொல்கின்றதோ, அவரையே விருந்தினராக அழைக்கும் இடத்தில் கடை திறப்பது சட்டத்தின் எழுத்தை மீறாதிருக்கலாம்; அதன் உயிரை மிதிக்கின்றது.

தீர்மானிப்பவர் யார்?

இனி நமது அரசியலுக்கு வருகிறேன். இத்தீவிலே மதுவை ஆளும் சட்டத்தின் அடிப்படை, 1912-ம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம். வெள்ளையன் ஆண்ட அக்காலத்திலும் மக்கள் சும்மா இருக்கவில்லை. தெற்கிலே மதுவொழிப்பு இயக்கம் வலுத்தது. ஊரிலே தவறணை வேண்டுமா வேண்டாமா என்று ஊரவரே வாக்களித்துத் தீர்மானிக்கும் முறை வந்தது. 1920-களில் பல தவறணைகள் அவ்வாறு மூடப்பட்டன. 1927-ல் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தபோது மதுவொழிப்பும் அவர் பேச்சின் பொருளாயிருந்தது. அந்நிய ஆட்சி நமக்குத் தந்த ஒரு வாக்கு, சுயாட்சி என்று சொல்லப்படும் இக்காலத்திலே எங்கே போயிற்று?

1987-ம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் மதுபான அனுமதிக் கட்டணத்தை மாகாணசபைப் பட்டியலிலே சேர்த்தது. ஆனால் அனுமதி வழங்கும் பிடி கொழும்பிலே இருக்கின்றது. கிழக்கு மாகாணசபையின் ஆயுள் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன் பின் பல ஆண்டுகளாகத் தேர்தலே நடத்தப்படவில்லை. வரி திறைசேரிக்கு, இலாபம் முதலாளிக்கு, வெறியும் விபத்தும் ஊருக்கு என்று பங்கு பிரிக்கப்பட்டிருக்கின்றது.

2024-ம் ஆண்டிலே 300-க்கு மேற்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்கள் வழங்கப்பட்டமையை அவ்வாண்டு டிசம்பரில் அரசாங்கத் தரப்பே பாராளுமன்றத்தில் வெளியிட்டது. அரசியல்வாதிகளின் சிபாரிசு அதற்குள் இருந்ததென்ற குற்றச்சாட்டு நமது வீதிகளிலும் ஒலித்தது. பெயர்களை நான் அடுக்கப் போவதில்லை. குற்றச்சாட்டு வேறு, நிரூபணம் வேறு. ஆனால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளலாகாது. மேடையிலே இனவுரிமை, சட்டைப்பையிலே அனுமதிப்பத்திரம் என்று வாழ்பவர் எக்கட்சியில் இருந்தாலும், என் கட்சியிலேயே இருந்தாலும், அவரிடம் இப்பொருளை ஒப்படைக்காதீர்கள்.

பூரணை நாளிலே நாடெங்கும் மதுக்கடைகள் மூடப்படுகின்றன. பௌத்த மக்களின் புனித நாளுக்கு அரசு அளிக்கும் மதிப்பு அது. அதை நாமும் மதிக்கிறோம், எவரும் முணுமுணுக்கவில்லை. ஆனால் பெரும்பான்மையினரின் வழக்கத்துக்காக ஒரு நாள் முழுவதும் நாட்டையே மூட முடியுமானால், நமது வழக்கத்துக்காக ஒரு பூங்காவின் ஒரு மூலையைத் திறக்காமல் விட முடியாதா? நாம் கேட்பது சலுகையுமன்று, அதே நீதியை.

செய்ய வேண்டியவை

கைதட்டலோடு கலைந்துபோகும் கூட்டம் எனக்கு வேண்டாம். செய்யத்தக்க மூன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, ஒப்பந்தம். கரையோரக் காணி பெரும்பாலும் அரசுக்கோ உள்ளூராட்சி மன்றத்துக்கோ உரியது. அதைக் குத்தகைக்குக் கொடுக்கும்போதே, "இக்காணியில் மதுபானம் விற்கவோ பரிமாறவோ கூடாது, மீறின் குத்தகை இரத்தாகும்" என்ற நிபந்தனையை எழுதிவிட வேண்டும். முதலாளி வாயால் வாக்குத் தந்தார் என்று பின்னர் அழுது பயனில்லை. காணி சம்பந்தமான உடன்படிக்கை எழுத்தில், நொத்தாரிசு முன்னிலையில் முடிக்கப்பட வேண்டும் என்று 1840-ம் ஆண்டிலேயே இந்நாட்டுச் சட்டம் சொல்லிவிட்டது. வாய்ச்சொல்லை நம்பிக் காணியிழந்த உழவர்களைக் கேளுங்கள், அவர்கள் விளக்குவார்கள்.

இரண்டாவது, ஆட்சேபம். கடலோரத்தில் 300 மீற்றர் வரையுள்ள நிலத்திலே கட்டுமானத்துக்கு 1981-ம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதியும் வேண்டும். மதுவரித் திணைக்களத்தின் அனுமதி வேறு. இந்த ஒவ்வொரு வாசலிலும் எழுத்து மூலம் ஆட்சேபத்தைக் கொடுத்து, பெற்றுக்கொண்டமைக்குக் கையெழுத்து வாங்குங்கள். கூச்சலுக்குப் பதிவு இல்லை. கடிதத்துக்குப் பதிவு உண்டு. இங்குள்ள ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் சட்டத்தரணிகளும் இப்பணிக்குத் தம் பேனாவைத் தரவேண்டும்.

மூன்றாவதே தலையாயது. அந்த ஆட்சேபக் கடிதத்தில் கோயில் பரிபாலன சபையும் பள்ளிவாசல் நிர்வாகமும் கமக்காரர் அமைப்பும் மாதர் சங்கமும் ஒரே தாளிலே கையெழுத்திட வேண்டும். இந்த நற்பிட்டிமுனையிலே தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றனர். ஒரே வாய்க்கால் நீரை வயலுக்குப் பாய்ச்சுகின்றனர். பிரதேச செயலக எல்லையைப் பற்றி நமக்குள் வழக்கு உண்டு. அதை நான் மூடி மறைக்கவில்லை, அதற்கு நியாயமான தீர்வு வேண்டும் என்று தொடர்ந்து வாதாடுவேன். ஆனால் எல்லையைப் பற்றிச் சண்டையிடுபவர்கூடப் பிள்ளைகளைப் பற்றி ஒன்றுபடலாம். இரு சமூகத்தாரும் சேர்ந்து கையெழுத்திட்ட ஒரு கடிதம் இக்கரையிலிருந்து கொழும்புக்குப் போகட்டும். அதன் பின் நம்மைப் பிரித்து வைத்தே காரியம் முடிக்கலாம் என்று கணக்கிடுவோர் தம் கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

பூங்கா வரட்டும். இராட்டினம் சுழலட்டும். போடியாரின் பேரனும் முல்லைக்காரனின் மகனும், பாத்திமாவும் பார்வதியும் ஒரே ஊஞ்சலுக்கு வரிசையில் நிற்கட்டும். வெறியனைக் கண்டு பிள்ளையை இழுத்துக்கொண்டு விலக வேண்டிய தேவை எந்தத் தாய்க்கும் அங்கே நேராதிருக்கட்டும். அதை உறுதி செய்யும் அதிகாரம் இம்மண்ணின் மக்களுக்கே உரியது.